ஒரே அலை, நாலு மென்பொருள்: கணினி இசையை எதில் தொடங்கலாம்?

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் அலை மணலில் ஏறும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக இழுக்கும். அதைவிட மெதுவாகத் திரும்பிப் போகும். 20 சொச்சம் கிலோமீட்டர் வடக்கே, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கருங்கல் கொட்டிய பகுதியில், அதே வங்கக்கடலுக்கு வேறு குரல். 'தொம்'மென்று ஓர் அடி, அப்புறம் கல் இடுக்குகளில் தண்ணீர் வடியும் சலசலப்பு. மைக்கில் பதிவு செய்யாமல், நிரலை மட்டும் வைத்து இந்த இரண்டு ஒலிகளையும் உண்டாக்க வேண்டும். எந்த மென்பொருளில் கற்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் வைக்கும் சோதனை இதுதான். நான்கு மென்பொருள்களை இதே தராசில் நிறுத்திப் பார்த்தேன்: சோனிக் பை, ஸ்ட்ரூடல், ப்யூர் டேட்டா, சூப்பர்கொலைடர். நான்கும் காசில்லாமல் கிடைப்பவை.

மணல் அலைக்கு வேண்டிய சரக்கு கொஞ்சம்தான். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அந்த இரைச்சல் ஒன்று. உயர்ந்த அதிர்வெண்களை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்று. அலை ஏறும்போது ஃபில்டர் திறக்க வேண்டும், இறங்கும்போது மூட வேண்டும். ஏறுவது வேகம், இறங்குவது மெதுவு. அந்த வித்தியாசத்தைக் காதில் பிடித்தவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார்.

சோனிக் பையில் இது பத்து நிமிட வேலை. 2012-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சாம் ஆரன், ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினிக்காக, பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவாக்கியது. ப்ளே 60 என்று எழுதி ரன் பொத்தானை அழுத்தினால் உடனே ஒரு ஸ்வரம் கேட்கும். கடல் அலைக்கென்றே ஓர் எடுத்துக்காட்டும் கூடவே வருகிறது. அதில் எண்களை மாற்றி மாற்றிக் கேட்டாலே நிறையப் புரியும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஃபில்டரின் எல்லையை இங்கே ஹெர்ட்ஸில் (வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று) சொல்வதில்லை, ஸ்வர எண்ணில் சொல்கிறார்கள். 60 என்றால் சுமார் 262 ஹெர்ட்ஸ். இது தெரியாமல் 2000 என்று போட்டுவிட்டு ஏன் பிழை காட்டுகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மணல் அலை வந்துவிடும். கல் அலையில்தான் சோனிக் பை திணறுகிறது. அதிலுள்ள சின்த்துகள், அதாவது ஒலியை உண்டாக்கும் கருவிகள், முன்பே செய்து வைத்தவை. அவற்றின் குமிழ்களைத் திருகலாம், உள்ளே கையை விட முடியாது. புதிதாக ஒரு சின்த் வேண்டுமென்றால் சூப்பர்கொலைடரில் எழுதித்தான் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் சோனிக் பையின் அடியில் ஒலியை உண்டாக்குவதே சூப்பர்கொலைடரின் சர்வர்தான்.

ஸ்ட்ரூடலுக்கு அலைச் சோதனை வைப்பது நியாயமில்லை. வைத்தேன், வந்தது, ஆனால் அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆலெக்ஸ் மெக்லீன் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதிய, தாள வடிவங்களைக் கட்டும் டைடல் சைக்கிள்ஸை பிரவுசருக்குள் கொண்டுவரும் முயற்சியாக 2022-இல் தொடங்கியது இது. எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மிருதங்கம் கற்கும் அக்கா மகனை இதன் முன் உட்கார வைத்தபோது ஐந்து நிமிடத்தில் கேட்டான்: "மாமா, இந்த சைக்கிள்னு சொல்றது ஆவர்த்தனம்தானே?"

ஆமாம், தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஏறக்குறைய அதேதான். அவனுக்கு இது அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. டைடலின் சுருக்கக் குறியீடு, போல் ப்ராசசர் என்ற மென்பொருளின் தாக்கத்தில் பிறந்தது. அந்த போல் ப்ராசசரோ, 1980-களில் லக்னோ தபலா வாசிப்பை ஆராய்வதற்காக பெர்னார்ட் பெல்லும் ஜிம் கிப்பனும் சேர்ந்து உருவாக்கியது. வாயால் சொல்லும் சொற்கட்டை எழுத்தாக்கும் பழக்கம் சுற்றி வளைத்து நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

தாளத்தில் சோனிக் பைக்கும் ஸ்ட்ரூடலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்ட்ரூடல் வகுக்கிறது. ஒரு சுற்றுக்குள் எட்டுச் சொல் எழுதினால் எட்டாகப் பிரியும், ஏழு எழுதினால் அதே நேரம் ஏழாகப் பிரியும். ஒரு சொல்லின் இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று சொல் போட்டால் அந்த இடம் மட்டும் திஸ்ரம், மூன்றின் நடை. நடை மாற்றம் கற்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சோனிக் பை கூட்டுகிறது. ஒவ்வோர் ஒலிக்குப் பின்னும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஸ்லீப் கட்டளையில் சொல்ல வேண்டும். 'தகிட தகதிமி' என்று மூன்றும் நாலும் சேர்த்து மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் கட்டுவது, கோர்வை என்ற முத்தாய்ப்புக்குக் கணக்குப் போட்டு, தாளம் தொடங்கும் சமத்தில் வந்து விழுவது, இதெல்லாம் கூட்டல் புத்தி. அங்கே சோனிக் பைதான் கைகொடுக்கும். வாயால் சொற்கட்டு சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவருக்கு இரண்டும் தேவைப்படும். ஒன்றை மட்டும்தான் எடுக்க வேண்டுமென்றால் அவருக்கு ஸ்ட்ரூடலைச் சொல்வேன்.

சரி, தாளத்தை விட்டு ஒலிக்குள்ளேயே இறங்க வேண்டும் என்கிறவருக்கு? இங்கேதான் உண்மையான போட்டி.

ப்யூர் டேட்டாவை 1996-இல் மில்லர் பக்கெட் எழுதினார். பாரிஸின் இர்காம் ஆய்வு மையத்தில் இருந்தபோது மேக்ஸ் என்ற மென்பொருளைத் தொடங்கியவரும் அவர்தான். இதில் வரிகளாக நிரல் எழுதுவதில்லை. பெட்டிகளை வைத்துக் கம்பியால் இணைக்கிறோம். இரைச்சல் பெட்டி, ஃபில்டர் பெட்டி, ஸ்பீக்கர் பெட்டி. ஒலி எங்கே பிறந்து எந்த வழியாக வருகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. எந்தப் பெட்டியின் மேலும் ரைட் கிளிக் செய்து உதவி கேட்டால், திறக்கும் பக்கமே ஓடக்கூடிய ஒரு நிரல். பழைய லேப்டாப்பிலும் தடங்கலில்லாமல் ஓடும். முதல் நாள் ஒன்றுமே கேட்கவில்லையென்றால் பயப்பட வேண்டாம், ஒலியை இயக்கிவிடும் டிஎஸ்பி என்ற கட்டத்தில் டிக் போடாமல் இருந்திருப்பீர்கள்.

சூப்பர்கொலைடரும் 1996-இல் வந்ததுதான். ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் படைப்பு. 2002-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிட்டார். மணல் அலைக்கு இதில் ஒரே வரி போதும். ஃபில்டரை அசைக்கும் ஆஸிலேட்டரின் (மேலும் கீழும் சீராக ஆடும் அலையின்) வேகம் 0.125 என்று எழுதினால் எட்டு வினாடிக்கு ஓர் அலை. ஆனால் அது ஏறுவதும் இறங்குவதும் சம அளவில் இருக்கும், கடல் அப்படி மூச்சு விடாது. அதற்கு, ஏற இவ்வளவு நேரம், இறங்க இவ்வளவு நேரம் என்று சொல்லும் என்வலப் எழுத வேண்டும், இரண்டாவது வரி. கல் அலையின் அடிக்கு 120 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்குச் சட்டென்று சரியும் ஒரு சைன் அலை, அதாவது ஒரே அதிர்வெண் கொண்ட எளிய ஒலி. இடுக்கில் வடியும் நீருக்கு, தூறல்போல ஒழுங்கில்லாமல் துடிப்புகளை உதிர்க்கும் டஸ்ட் என்ற கருவி தயாராக இருக்கிறது. ப்யூர் டேட்டாவில் இதை நாமே நாலைந்து பெட்டிகளால் கட்ட வேண்டும்.

இரண்டிலும் ஒரே எண்களைப் போட்டாலும் ஒலி ஒன்றாக இருக்காது. ப்யூர் டேட்டாவின் சாதாரண லோ-பாஸ் ஃபில்டர் மென்மையாக, ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 6 டெசிபல்தான் ஒலியைக் குறைக்கும். சூப்பர்கொலைடருடையது 12. அதனால் முதலாவதில் 'ஸ்ஸ்' கொஞ்சம் கசியும். சில்வர் பீச்சுக்கு அந்தக் கசிவே பொருத்தம் என்பது என் காது சொல்வது.

கோயில் மணியை வைத்துப் பார்த்தாலும் குணம் தெரியும். சோனிக் பையில் மணிச் சின்த் தயார், கூப்பிட்டால் போதும். சூப்பர்கொலைடரில் க்ளாங்க் என்ற கருவிக்கு அதிர்வெண்களையும் அவை அடங்கும் நேரங்களையும் பட்டியலாகக் கொடுத்தால் மணி அடிக்கும். ப்யூர் டேட்டாவின் எடுத்துக்காட்டுகளில் கணினி இசை முன்னோடி ழான்-க்ளோத் ரிஸேயின் மணி இருக்கிறது. 11 சைன் அலைகள், ஒவ்வொன்றும் தன் போக்கில் தேய்ந்து அடங்குகிறது. ஒவ்வொன்றாக நிறுத்திக் கேளுங்கள். பாடலீஸ்வரர் கோயில் மணியைக் கேட்கும் விதமே அதற்குப் பிறகு எனக்கு மாறிவிட்டது.

என் ஓட்டு ப்யூர் டேட்டாவுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் வீட்டு ஜன்னல் சந்தில் காற்று ஊளையிட்டது. அந்த ஒலி, இரைச்சலை மிகக் குறுகிய பட்டையில் வடிகட்டி அந்தப் பட்டையை மேலும் கீழும் நகர்த்துவதுதான். சூப்பர்கொலைடரில் எண்ணை மாற்றுவது, ஓட்டுவது, கேட்பது என்று ஒரு மாலை போனது. ப்யூர் டேட்டாவில் ஒரு ஸ்லைடரை இணைத்துக் கையால் இழுத்தேன். 600 ஹெர்ட்ஸ் பக்கம் போனபோது சமையலறையிலிருந்து அம்மா வந்து வாசலில் நின்றார். "போதும்டா, நிறுத்து" என்றார். எண் சரிதான் என்று அப்போது தெரிந்தது.

நூறு அலைகள் ஒன்றின்மேல் ஒன்று புரள வேண்டும், ஒவ்வொன்றும் வேறாக இருக்க வேண்டும் என்றால் ப்யூர் டேட்டாவில் கம்பிக் காடாகிவிடும். அங்கே சூப்பர்கொலைடரை எதுவும் நெருங்க முடியாது. ஆகவே நிரல் எழுதிப் பழகியவர் நேராக அதற்கே போகலாம். பழகாதவர் இரண்டு மூன்று வாரம் சோனிக் பை, பிறகு ப்யூர் டேட்டா என்று வரட்டும். சிசவுண்ட், சக் என்ற வேறு இரண்டு இசை நிரல்மொழிகளும் நல்லவைதான், முதல் வருடத்துக்கு அவசியமில்லை. சூப்பர்கொலைடரில் ஒரு தவறான எண் காதைக் கிழிக்கும் சத்தமாக வெடிக்கக்கூடும். ஹெட்போனைக் கழுத்தில் வைத்துக்கொண்டே முதலில் ஓட்டுங்கள், கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும்.

எதை இன்ஸ்டால் செய்தாலும் அதற்கு முன் ஒரு மாலை பீச்சுக்குப் போய் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை வினாடி என்று எண்ணிக் குறித்து வாருங்கள். நிரலில் முதலில் போட வேண்டிய எண் அது.