பழைய ஜீப் வைத்திருப்பவர்களே, ‘செல்ஃப் போச்சு’ என்றால் உடனே கழற்ற விடாதீர்கள்

அப்பா வாங்கிய 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 எங்களிடம் இன்னும் ஓடுகிறது. 2112 சிசி பீஜோ டீசல் இன்ஜின். அஞ்செட்டிக்கு மேலே இருக்கும் எங்கள் நிலத்துப் பாதைக்கு வேறு வண்டி தாங்காது. போன மாதம் அதில் வந்த கோளாறுக்கு கிருஷ்ணகிரி டவுனில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் 14,300 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நேரம் செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், இழுத்து இழுத்துச் சுற்றும். ஆனால் அப்போதும் ஹெட்லைட் மங்காது. நாலைந்து முறை முயன்றால், இன்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிளின் குமிழில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. இதையெல்லாம் கடைக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். பேட்டரி செத்துப்போச்சு, செல்ஃப்ல ஆர்மேச்சர் கருகிருச்சு” என்றார். ஆர்மேச்சர் என்பது செல்ஃபுக்குள் சுழலும் சுருள். ஆனால் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை அவர் கையில் எடுக்கவே இல்லை. பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது, வாரண்டி இருக்கிறது என்று சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

புது பேட்டரி, ‘ரீகண்டிஷன்’ செல்ஃப். சாயங்காலம் வண்டி எடுத்தது. நானும் நம்பிவிட்டேன்.

நாலாம் நாள் தேன்கனிக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, காட்டு வளைவில் மாமியாருக்கு வாந்தி வர, வண்டியை நிறுத்தி இறங்கினோம். திரும்ப ஏறினால் அதே ‘டக்’. மணி ஆறு. அந்த ரோட்டில் யானை கடக்கும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மனைவியும் மாமியாரும் வண்டிக்குள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து வந்த பால் வண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளிக் கொடுத்ததால்தான் வீடு சேர்ந்தோம். கடைக்காரர் வாங்கிய பணத்தைக்கூட மறந்துவிடலாம், அந்த நாற்பது நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை அஞ்செட்டியில் டிராக்டர் வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தேன். குமிழ் சுடுகிறது என்றதுமே தலையாட்டினார். ஒரே ஒரு ஜம்ப் கேபிளை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்கில் மாட்டினார். “இப்ப அடிப்பா” என்றார். பட்டென்று எடுத்தது.

கோளாறு எர்த் பட்டையில், அதாவது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழியில். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவே பின்னல் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். இரண்டு மாதம் முன்பு கிளட்ச் மாற்றியபோது அதைத் துருவின் மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். டீசல் வண்டியின் செல்ஃப் சில நூறு ஆம்பியர் இழுக்கும். 200 ஆம்பியர் ஓடும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். போக வழியில்லாத கரண்ட் அந்த மெல்லிய ஸ்டாப் கேபிள் வழியாகத் திரும்பியிருக்கிறது. குமிழ் சுட்டதற்கு அதுதான் காரணம். ஹெட்லைட்டுக்கு பாடியில் தனி எர்த் என்பதால் அது மங்கவில்லை. இரண்டு சாட்சியும் நான் கடையில் சொன்னவைதான்.

புதுப் பட்டை 180 ரூபாய். எமரி தாளில் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து முடுக்கினார்.

இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் எடுக்காதபடி ஸ்டாப் கேபிளையும் இழுத்து வையுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. என் வண்டியில் பழைய பட்டையோடு 2.8 காட்டியது. அதே நேரம் பேட்டரியின் இரண்டு கம்பத்துக்கும் நடுவே 12 வோல்ட்டுக்குப் பக்கம் நின்றது. புது பேட்டரி அல்லவா என்று கேட்பீர்கள். முன்பே அளந்திருந்தால் பழைய பேட்டரியின் நிலையும் தெரிந்திருக்கும். அதைத்தான் கடையில் செய்யவில்லை.

திரும்பப் போய்க் கேட்டேன். பழைய பேட்டரியும் செல்ஃபும் “ஸ்கிராப்புக்குப் போயிருச்சு சார்” என்றார். பழைய பேட்டரிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. பில் கேட்டால் துண்டுச் சீட்டு. நல்லவேளையாக ஜிபேயில் அனுப்பியிருந்தேன். அதை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

கழற்றிய சாமானை அன்றைக்கே கையில் வாங்கியிருக்க வேண்டும், அது என் தவறு. அந்த செல்ஃப் வண்டியோடு வந்த ஒரிஜினல். பின்மூடியில் அப்பா உளியால் ‘மு’ என்று கொத்தியிருப்பார். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் பழைய சாமான் கடையில் யார் கண்ணிலாவது பட்டால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.