மெல்லிய நோட்புக்கும் கனத்த லேப்டாப்பும்: எது யாருக்கு?

கடையில் இரண்டு மாடல்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று ஒல்லி, ஒன்றேகால் கிலோ. இன்னொன்று தடிமன், இரண்டரை கிலோ. இரண்டிலும் 'கோர் ஐ7' என்று பிராசசரின் பெயர் போட்ட ஒரே ஸ்டிக்கர். ஒல்லியானதை நோட்புக் என்கிறார் விற்பவர். பக்கத்துக் கடையில் இரண்டுமே லேப்டாப்தான். நிறுவனங்களும் இந்தப் பெயர்களை இஷ்டத்துக்குத்தான் வைக்கின்றன. அதனால் வசதிக்காக, இங்கே ஒல்லியானதை நோட்புக் என்றும் கனமானதை லேப்டாப் என்றும் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த வேறுபாடு நிஜமாகவே இருந்தது. 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 'கையோடு எடுத்துப் போகலாம்' என்று விற்கப்பட்டது. எடை சுமார் 11 கிலோ. 1985இல் டோஷிபா டி1100 அதை நான்கு கிலோ அளவுக்குக் கொண்டுவந்தது. மடியில் வைக்கலாம், அரை மணி நேரத்தில் கால் மரத்துவிடும். 1988இல் என்இசி அல்ட்ராலைட் இரண்டு கிலோவுக்கு இறங்கியது. நோட்டுப் புத்தகத்தோடு பைக்குள் போகும் அளவு. ஆனால் அந்த எடைக்காக ஃபிளாப்பி டிரைவையே எடுத்துவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து 2008இல் வந்த ஆப்பிளின் முதல் மேக்புக் ஏரிலும் இதே கதை: 1.36 கிலோ, சிடி டிரைவ் கிடையாது, நெட்வொர்க் கேபிள் செருக இடம் கிடையாது, யுஎஸ்பி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறை மெலியும்போதும் ஏதோ ஒன்று கழிகிறது. அப்போதெல்லாம் கழிந்தது என்ன என்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்று கழிபவை வெளியே தெரியாது: வாட், அதாவது பிராசசருக்குக் கிடைக்கும் மின்சாரம்; அப்புறம் ஸ்லாட், அதாவது ராம் போன்றவற்றைப் பின்னால் செருகும் இடம்.

முதலில் வாட். இன்டெலின் 13ஆம் தலைமுறை ஐ7 ஒன்றை எடுத்துக்கொள்வோம். நோட்புக்கில் வருவது பெரும்பாலும் 1355யூ. அதன் அடிப்படை மின்தேவை 15 வாட். லேப்டாப்பில் வரும் 13700ஹெச்சுக்கு 45 வாட். பிராசசருக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் பகுதிகளைக் கோர் என்பார்கள். யூவில் பெரிய கோர்கள் இரண்டு, சின்னவை எட்டு. ஹெச்சில் பெரியவை ஆறு, சின்னவை எட்டு. ஸ்டிக்கரில் இதெல்லாம் இருக்காது. 'ஐ7தானே, எதுவானால் என்ன' என்று வாங்குகிறவர் இங்கேதான் ஏமாறுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டின் உச்ச வேகமும் ஒன்றுதான்: 5 கிகாஹெர்ட்ஸ். அதனால்தான் கடையில் பத்து நிமிடம் தட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிரவுசர் திறப்பது, எக்செல், டேலி, ஜூம், புரோகிராம் எழுதுவது எல்லாமே விட்டுவிட்டு வரும் வேலைகள். பிராசசர் ஒரு நொடி பாய்ந்துவிட்டு ஓய்வெடுக்கும். அந்த ஓட்டத்துக்கு நோட்புக் தாராளம். அலுவலக வேலைக்கு இரண்டரை கிலோ சுமப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

வித்தியாசம் வெளிப்படுவது நிற்காமல் ஓடும் வேலையில். கல்யாண வீடியோவை எடிட் செய்து ஏற்றுமதி செய்வது, பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போடுவது (அதாவது இறுதிப் படத்தை உருவாக்குவது), பொறியியல் மாணவர்கள் ஆன்சிஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளை ஓட்டுவது. அரை மணி நேரம் எல்லாக் கோர்களும் ஒரே மூச்சில் ஓட வேண்டும். அந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். ஒல்லியான உடம்பில் சின்ன ஃபேன், மெல்லிய செப்புக் குழாய். வெப்பம் சேர்ந்ததும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஃபேனே இல்லாத நோட்புக்குகளும் உண்டு, 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏர் போல. சத்தமே வராது, அன்றாட வேலையில் அற்புதம். ஆனால் நீண்ட ரெண்டரில் அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகிவிடும்.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல கணினிகளின் விவரக்குறிப்பில் அறை வெப்பம் 35 டிகிரி வரை என்று எழுதியிருக்கும். மே மாதம் ஏசி இல்லாத மாடி அறை அதைக் காலையிலேயே தாண்டிவிடும். அப்போது திணறப்போவது இரண்டுமேதான். லேப்டாப் விமானம் கிளம்புகிற சத்தத்தோடு திணறும், நோட்புக் சத்தமில்லாமல் மெதுவாகும்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கண்கட்டு. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் 35 வாட்டும் உண்டு, 115 வாட்டும் உண்டு. எவ்வளவு கொடுப்பது என்பது தயாரிப்பாளர் விருப்பம். கார்டின் பெயரைக் கேட்டுவிட்டு வாட்டைக் கேட்காமல் வருவது பாதி விசாரணை.

பேட்டரியில் நோட்புக் சுலபமாக ஜெயிக்கிறது. லேப்டாப்பில் இன்னும் பெரிய பேட்டரி வைக்கலாமே என்றால், பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமானத்தில் கொண்டுபோகத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதனால் பெரிய மாடல்களும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. இத்தனைக்கும் பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தன் முழு பலத்தைக் காட்டாது. கேம் ஆடினால் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் அடாப்டர் ஒரு செங்கல்; நோட்புக்குக்கு 65 வாட் டைப்-சி சார்ஜர் போதும், அதிலேயே போனுக்கும் சார்ஜ் போடலாம். மதியம் கரண்ட் போனால் ஆறேழு மணி நேரம் கவலையில்லாமல் வேலை பார்ப்பது நோட்புக்காரர்தான்.

திரை, கீபோர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 15, 16 அங்குல மாடல்களில் பெரும்பாலும் நம்பர் பேட் கிடைக்கும். கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு அது முக்கியம், மற்றவர்களுக்குப் பழக்கம்தான். மடியில் வைப்பது பற்றி மட்டும் ஒரு வார்த்தை. சூடான கணினியை நாள்தோறும் மணிக்கணக்கில் தொடையில் வைத்தால் தோலில் வலை போலப் பழுப்புத் தழும்பு விழும். மருத்துவர்கள் இதை எரித்திமா அப் இக்னே என்கிறார்கள். கனத்த லேப்டாப்பை மேசையில் வைத்துவிடுங்கள்.

இப்போது ஸ்லாட். என் பார்வையில் நோட்புக்கின் பெரிய குறை இதுதான். முன்பெல்லாம் கீழ்மூடியில் ஓரிரு திருகைக் கழற்றினால் ராம், அதாவது கணினியின் தற்காலிக நினைவகம், கைக்கு வரும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கணினிக் கடையில் நின்று, டீ குடித்து முடிப்பதற்குள் நான்கு ஜிபியை எட்டாக்கிக் கொண்டு வரலாம். இப்போது பல நோட்புக்குகளில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. எட்டு ஜிபி வாங்கினால் கடைசிவரை எட்டு ஜிபிதான். ராம் கெட்டால் போர்டே போச்சு. லேப்டாப் பலவற்றில் இன்னும் இரண்டு ராம் ஸ்லாட், ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இரண்டு ஸ்லாட் இருக்கின்றன; ஃபேனைச் சுத்தம் செய்யவும் உள்ளூர்க் கடைக்காரருக்குக் கை நுழையும். ஐந்தாறு வருடம் ஓட்டுவேன் என்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, யார் எதை வாங்கலாம்? பஸ், ரயில் என்று தினமும் சுமப்பவர் நோட்புக் வாங்கட்டும், முதல் நாளே 16 ஜிபியாக. வீடியோ, 3டி, சிமுலேஷன் என்று சோறு போடும் வேலை அதிலேயே என்றால் லேப்டாப். எடையைப் பற்றிப் புலம்பக் கூடாது. ஒன்றரை கிலோ சொச்சத்தில் 14 அங்குலத்தில் ஹெச் வகை பிராசசரோடு வரும் நடுவழி மாடல்களும் உண்டு, விலைதான் கடிக்கும். இன்னொரு கூட்டமும் இருக்கிறது: கனமான லேப்டாப் வாங்கி, வருடம் முழுக்க மேசையை விட்டு நகர்த்தாமல், சார்ஜரையும் கழற்றாமல் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு என் சிபாரிசு டெஸ்க்டாப். அதே காசுக்கு இன்னும் வேகமானது கிடைக்கும், பேட்டரி வீங்கும் தொல்லையும் இல்லை. லேப்டாப்தான் வேண்டும் என்றால், சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியையாவது போட்டுவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது ஸ்டிக்கரை விட்டுவிட்டு அடாப்டரைக் கையில் எடுத்து, அதில் அச்சடித்திருக்கும் வாட்டைப் படியுங்கள். 65 என்றிருக்கும் கணினியிலிருந்து இரண்டு மணி நேர ரெண்டரை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து, ராமைப் பின்னால் கூட்டலாமா என்று கேளுங்கள். "அதெல்லாம் தேவையே படாது சார்" என்று பதில் வந்தால், பற்றவைத்த ராம் என்று எடுத்துக்கொள்ளலாம்.