டிவி கேலிப்ரேஷன்னு காசு கேட்டா உஷார்!

புது டிவி வாங்கப் போறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. கேலிப்ரேஷன்னா டிவியோட கலர், வெளிச்சத்தை அளந்து சரியா செட் பண்றது. ஊர்ல அப்பா 55 இன்ச் 4கே டிவி வாங்கினாரு, கம்பெனி ஆளு ஃப்ரீயா வந்து சுவத்துல மாட்டிட்டுப் போனாரு, அதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் கடைல இருந்து இன்னொருத்தர் வந்து, "கம்பெனி செட்டிங்ல படம் டல்லாதான் இருக்கும் சார், கேலிப்ரேஷன் பண்ணாதான் 4கே தெரியும்"னு சொல்லி 2,500 ரூபா, கூடவே தங்கமுலாம் பூசின எச்டிஎம்ஐ கேபிள்னு 1,800 கறந்துட்டுப் போயிருக்காரு. பில்லுல வெறும் "சர்வீஸ்"னு ஒரு வரி.

நான் போய் செட்டிங்ஸ் திறந்து பாத்தா பிக்சர் மோட் விவிட், ஷார்ப்னஸ் 100, கலர் கன்னாபின்னான்னு ஏத்தி, மோஷன் ஸ்மூத்திங் (டிவியே இடையில ஃப்ரேம் சேர்த்து அசைவை வழுவழுன்னு காட்டுறது) ஃபுல்லு, அவ்ளோதான் வேலை! கிரிக்கெட் போட்டா ஒவ்வொரு ப்ளேயரைச் சுத்தியும் வெள்ளையா ஒரு கோடு, புல்லோட பச்சை கண்ணைக் குத்துது, 24 ஃப்ரேம்ல எடுத்த சினிமா மெகா சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடுது. இதுல செம காமெடி என்னன்னா எச்டி செட்டாப் பாக்ஸோட அவுட்புட் இன்னும் 576ஐ-லயே (பழைய எஸ்டி தரம்) கிடக்கு, அதைத் தொடவே இல்ல. நியூஸ் சேனல்ல கீழ ஓடுற ஸ்க்ரோல் பாதி வெட்டுப்பட்டுத் தெரியுது, படத்தை முழுசா திரைக்குள்ள காட்டுற ஸ்க்ரீன் ஃபிட் ஆன் பண்ணா சரியாகிடும், அதுகூட பண்ணல.

நிஜமான கேலிப்ரேஷன்னா ஸ்க்ரீன் மேல கலரை அளக்குற கலரிமீட்டர் கருவி வச்சு, டெஸ்ட் பேட்டர்ன் ஓட்டி, வெள்ளை 6500 கெல்வின் (பகல் வெளிச்ச வெள்ளை) பக்கம் வருதான்னு அளந்து அளந்து திருத்துவாங்க. இவரு பென் டிரைவ்ல கிளியும் பூவும் வர்ற வீடியோ போட்டுக் காட்டியிருக்காரு, ஷோரூம்ல ஓடுமே அதேதான், அது எந்த டிவிலயும் பளபளன்னுதான் இருக்கும். கேபிள் கதையும் அப்படித்தான், போறது டிஜிட்டல் சிக்னல், தங்கம் பூசினா கலர் ஒண்ணும் ஏறிடாது, 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 18 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 18 ஜிகாபிட்) கேபிள் தாராளம்.

சினிமா மோட் போட்டேன், சில டிவில ஃபிலிம்மேக்கர் மோட்னு இருக்கும். ஷார்ப்னஸை அந்தக் கோடு மறையுற வரைக்கும் இறக்கி, ஸ்மூத்திங் ஆஃப், பவர் சேவிங் ஆஃப், பாக்ஸை 1080ஐ-க்கு (எச்டி தரம்) மாத்தினேன். முதல்ல மஞ்சளா இருக்குன்னு அம்மா முணுமுணுத்தாங்க, இப்ப பழகிருச்சு.

கடைக்குப் போன் போட்டா "உங்கப்பா கையெழுத்து போட்டிருக்காருங்க"ன்றாங்க. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் பதிஞ்சாச்சு. கேபிளை மட்டும் திருப்பி எடுத்துக்குறோம்னு இப்ப இறங்கி வர்றாங்க, அந்த 2,500 பத்தி மூச்சே விடல.