முதல் .22 ரைபிள்: ரூகரா, மார்லினா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனா?

அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்க நினைப்பவரின் காதில் அதிகம் விழும் பெயர்கள் மூன்று: ரூகர் 10/22, மார்லின் மாடல் 60, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22. மூன்றும் சுடுவது ஒரே தோட்டாவைத்தான், 1887இல் வந்த .22 லாங் ரைபிள். இயங்கும் முறையும் ஒன்றே. குண்டை முன்னே தள்ளும் அதே அழுத்தம் வெற்று உறையைப் பின்னே தள்ளி, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட்டைத் திறக்கிறது. போல்ட் உறையை வெளியே எறிந்துவிட்டுத் திரும்பும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிறது. நம்மூர் என்.சி.சி.யில் .22 சுட்டவர்கள் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்திருப்பார்கள்; இங்கே அந்த வேலை மிச்சம். ட்ரிக்கரை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அவ்வளவுதான்.

தோட்டாவும் ஒன்று, இயக்கமும் ஒன்று என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பலர் குழல், துல்லியம், எடை என்று ஆரம்பிப்பார்கள். நான் மேகசினிலிருந்து, அதாவது தோட்டாக்களைச் சேர்த்துவைக்கும் பகுதியிலிருந்து, ஆரம்பிப்பேன். ரைபிள் எப்போது சிக்கும், எவ்வளவு பத்திரமாகக் காலி செய்யலாம், எந்த மாநிலத்தில் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

ரூகர் 10/22 வந்தது 1964இல். அதன் பெருமையே அந்தச் சின்ன மேகசின்தான். .22 தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ரூகர் அடுக்கவே இல்லை. உள்ளே சுழலும் ஓர் உருளையில் பத்துத் தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம் வைத்துவிட்டது. மேகசின் ரைபிளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. கையில் தூக்கிக்கொண்டு காட்டில் நடக்கும்போது அந்த வசதி தெரியும். குறை என்று பார்த்தால், கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் தானாகத் திறந்து நிற்காது. புதிதாகச் சுடுபவர் காலி ரைபிளின் ட்ரிக்கரை ஒருமுறையாவது அழுத்திவிட்டுத்தான் விஷயம் புரிந்துகொள்வார்.

மார்லின் மாடல் 60 இதற்கு மூத்தது, 1960. இதில் கழற்றும் மேகசினே கிடையாது; குழலுக்குக் கீழே நீளமாக ஒரு குழாய். உள்ளிருக்கும் பித்தளைக் குழாயை வெளியே இழுத்து, பக்கத்துத் துளை வழியாகத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். பிற்காலத்து ரைபிள்களில் 14 கொள்ளும். தொலைப்பதற்குத் தனி மேகசின் இல்லை, வாங்குவதற்கும் இல்லை. சரி, ஆனால் நிரப்பும்போது கை குழலின் வாய்ப்பக்கம் போகிறது. காலி செய்வதற்கும் குழாயை உருவி, சாய்த்துக் கொட்டி, அப்புறம் போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். மற்ற இரண்டிலும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரைப் பார்த்தால் முடிந்தது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே மாடல் 60ஐ நான் ஒதுக்குவேன்.

எம் அண்ட் பி 15-22 மிகவும் இளையது, 2009. பார்வைக்கு, ராணுவ ரைபிளின் சாயலுள்ள ஏ.ஆர்.-15 மாதிரியே இருக்கும். சேஃப்டி, மேகசின் பட்டன், போல்ட் பிடிப்பான் எல்லாம் அதே இடத்தில். ஆனால் உடல் பாலிமர், எடை இரண்டே கால் கிலோவை ஒட்டி. வழக்கமான மேகசினில் 25 தோட்டா அடங்கும். பக்கவாட்டில் இருக்கும் குமிழைக் கீழே இழுத்துப் பிடித்தால் விரல் நோகாமல் நிரப்பலாம். கடைசித் தோட்டா போனதும் போல்ட் திறந்து நிற்கிறது. பின்கட்டையின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிவதால் அப்பாவும் பன்னிரண்டு வயது மகளும் ஒரே ரைபிளில் சுடலாம். கையில் எடுத்தால் பொம்மை போலிருக்கிறது என்பது என் மனக்குறை. சுடும்போது அந்தக் குறை தெரிவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துல்லியத்தில் மார்லினுக்கு நல்ல பெயர். அதன் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க ஆழமில்லாத 16 வரிப்பள்ளங்கள். கடையில் வாங்கிய கோலத்திலேயே மார்லினையும் ரூகரையும் சுட்டுப் பார்த்தவர்களில் மார்லின்தான் மேல் என்பவர்கள் நிறைய. ஆனால் ரூகரை யாரும் வாங்கிய கோலத்தில் விட்டுவைப்பதில்லையே! குழல் வெறும் இரண்டு திருகாணியில் நிற்கிறது. வீட்டு மேஜையிலேயே மாற்றலாம். கனமான ட்ரிக்கருக்குப் பதிலாக ரூகரே இலகுவான பி.எக்ஸ். ட்ரிக்கரை விற்கிறது. கட்டை, போல்ட், ஸ்கோப் தளம் என்று பாகங்கள் விற்பதே தனிச் சந்தை. மலிவாக வாங்கிய ரைபிளுக்கு அதன் விலையைப் போல இரண்டு மடங்கு செலவழிப்பவர்கள் உண்டு, எச்சரிக்கை.

சுத்தம் செய்வதில் ரூகருக்கு மதிப்பெண் குறைவு. சாதாரண 10/22இன் பின்புறம் மூடியிருப்பதால் துடைக்கும் கம்பியை குழலின் வாய்ப்பக்கமிருந்துதான் விட முடியும். 2012இல் வந்த டேக்டவுன் வகையில் குழலைத் திருகிக் கழற்றிவிடலாம், தொல்லை இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஆணியைத் தள்ளினால் ரைபிள் மடங்கித் திறந்துகொள்கிறது.

இனி சட்டம். டீலரிடம் ரைபிள் வாங்க ஃபெடரல் சட்டப்படி வயது 18. வாஷிங்டன் மாநிலத்தில் 2019 முதல் எந்த செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்கும் 21, அணில் வேட்டைக்குப் போகும் 10/22க்கும் சேர்த்தே. நியூயார்க்கின் 2013 சட்டம் கழற்றும் மேகசினோடு பிஸ்டல் பிடியும் இருந்தால் தடை செய்கிறது. 15-22 வழக்கமான வடிவத்தில் அதில் மாட்டும். கலிஃபோர்னியாவில் மேகசினுக்கு 10 தோட்டாதான் வரம்பு, ஆனால் .22 குழாய் மேகசினுக்கு விலக்கு. அதனால் பழைய மார்லின் 14 தோட்டாவோடு அங்கே நிம்மதியாக இருக்கிறது, நவீன ரைபிள்கள் பத்தோடு நிற்கின்றன.

மார்லின் மாடல் 60ஐப் புதிதாக வாங்க முடியாது என்பதுதான் சிக்கல். தாய் நிறுவனமான ரெமிங்டன் 2020இல் திவாலானபோது மார்லினை வாங்கியது வேறு யாருமல்ல, ரூகர். மார்லினின் லீவர் ரைபிள்களை (ட்ரிக்கருக்குக் கீழுள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றுபவை) மறுபடி தயாரிக்க ஆரம்பித்தவர்கள் மாடல் 60ஐத் தொடவில்லை. தன் 10/22க்குத் தானே ஏன் போட்டி வைக்க வேண்டும்? ஆனால் ஒரு கோடிக்கும் மேல் தயாரான ரைபிள் என்பதால் பழையது தாராளமாகக் கிடைக்கும். வாங்கும்முன் உள்ளே போல்ட் மோதும் பிளாஸ்டிக் பஃபர் விரிசல் விட்டிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள், வயதானால் உடையும். மாற்றுப் பாகம் விலை குறைவுதான்.

என்னைக் கேட்டால், பின்னால் ஏ.ஆர்.-15 பழக வேண்டும் என்பவருக்கும் வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் 15-22. மற்ற எல்லாருக்கும் 10/22, முடிந்தால் டேக்டவுன். எதை வாங்கினாலும் முதல் நாளே பெரிய பெட்டித் தோட்டா வாங்காதீர்கள். .22 செமி ஆட்டோவுக்குத் தோட்டாவில் பிடிவாதம் அதிகம். வேகம் குறைந்த சப்சானிக் வகை போல்ட்டை முழுதாகப் பின்னே தள்ளாமல் சிக்கலாம். நாலைந்து பிராண்டில் சின்னச் சின்னப் பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது சிக்காமல் ஓடுகிறதோ அதை மொத்தமாக வாங்குங்கள்.