மின்கப்பல் மானியம்: கப்பலுக்கா, பேட்டரிக்கா?

ஆற்றிலும் கால்வாயிலும் ஓடும் கப்பல்களை டீசலிலிருந்து மின்சாரத்துக்கு மாற்ற அரசுகள் பணம் தருகின்றன. யார் கையில் தருகின்றன என்பதில்தான் வேறுபாடு.

இந்தியா கப்பல் கட்டும் தளத்துக்குத் தருகிறது. 2016 முதல் 2026 மார்ச் வரையிலான ஒப்பந்தங்களுக்கு வகுத்த கப்பல் கட்டுமான நிதியுதவியில் பிறகு பசுமைக் கப்பல்களும் சேர்ந்தன: மெத்தனால், ஹைட்ரஜன் வகைக்குக் கப்பல் விலையில் 30 சதவீதம், மின்சாரத்திலோ ஹைபிரிடாகவோ ஓடினால் 20 சதவீதம். கணக்கு எளிது, தளங்களுக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் முழு மின்கப்பலுக்கும், டீசல் எஞ்சினைக் கூடவே சுமக்கும் ஹைபிரிடுக்கும் ஒரே விகிதம் என்பது உறுத்துகிறது. புதுசு வந்ததும் பழசை என்ன செய்வது? விற்றுவிடலாம். அது வேறொருவர் கையில் புகை கக்கிக்கொண்டிருக்கும்.

சீனா அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 2024இல் வந்த திட்டப்படி மாற்று எரிசக்தியில் ஓடும் புதுக் கப்பலை மட்டும் கட்டினால், வகையைப் பொறுத்து டன்னுக்கு 1,000 முதல் 2,200 யுவான் வரை கிடைக்கும்; பழைய கப்பலை உடைத்துவிட்டுக் கட்டினால் 1,500 முதல் 3,200 யுவான் வரை. இந்த டன் எடையல்ல, கப்பலின் உட்கொள்ளளவைக் குறிக்கும் மொத்த டன். மின்கப்பலில் செலவை ஏற்றுவதோ பேட்டரி. யாங்சே நதியில் ஓடும், சீன அரசு நிறுவனமான கோஸ்கோவின் 700 கன்டெய்னர் கப்பல் ஒன்றில் மட்டும் 50,000 கிலோவாட் மணிக்கும் அதிகமான மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரி இருக்கிறது. அரசு நிறுவனம் தாங்கும். ஒரே கப்பலை வைத்துப் பிழைக்கும் குடும்பம் எப்படித் தாங்கும்?

ஐரோப்பாவின் ரைன் நதிக் கரையோர நாடுகளில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. அதனால்தான் நெதர்லாந்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பேட்டரி, கப்பல்காரரின் சொத்தே அல்ல. 20 அடி கன்டெய்னருக்குள் சுமார் 2,000 கிலோவாட் மணி. துறையில் கிரேன் காலியானதை இறக்கி நிரம்பியதை ஏற்றும். பயன்படுத்திய அளவுக்குக் கட்டணம். 2021இல் அல்பெனார் என்ற கப்பல் ஹைனெக்கன் பீரை ஏற்றிக்கொண்டு இப்படி ஓடத் தொடங்கியது. 2022இல் அந்நாட்டு வளர்ச்சி நிதியம் 5 கோடி யூரோ ஒதுக்கியது இந்த ஏற்பாட்டை விரிவாக்கத்தான். கப்பலின் உடல் பல பத்தாண்டுகள் உழைக்கும், பேட்டரி அவ்வளவு காலம் தாங்காது. இரண்டையும் ஒரே கடனில் கட்டாமல் பிரித்ததுதான் இதன் பலம்.

குறையும் உண்டு. கன்டெய்னர் துறையில் கிரேன் இருக்கும். மணலும் ஜல்லியும் இறக்கும் கரையில் அதைத் தூக்க வசதி இருக்காது. போதிய கப்பல்கள் சேராவிட்டால் பேட்டரிகள் கரையில் தூங்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை எந்த மானியப் பட்டியலிலும் வராது. 1952 ஒப்பந்தப்படி ரைனில் ஓடும் கப்பல்களின் டீசலுக்கு வரியில்லை. ஒரு கையால் மின்சாரத்துக்குக் கொடுத்து மறுகையால் டீசலுக்கும் கொடுப்பதுதான் இது.

குறுகிய தடத்தில் போய்வரும் பயணிகள் படகுக்கு இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம். சார்ஜ் செய்யும் இடமும் நேரமும் முன்பே தெரியும் என்பதால் நேரடி முதலீட்டு மானியமே போதும். சரக்குக்கு நெதர்லாந்து முறையை எடுத்து, பழைய கப்பலை உடைத்தால் கூடுதல் பணம் என்ற சீன ஏற்பாட்டையும் அதில் சேர்க்கலாம்.