பிப்பெட் ரோபோவா, சிரிஞ்ச் பம்பா?

காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இருப்பதால், திட்டப் பணம் கைக்கு வந்த ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிப்பெட் ரோபோ திரவத்தை உறிஞ்சி, தட்டிலுள்ள குழிகளில் தானாகவே அளந்து விடும்; சிரிஞ்ச் பம்ப் ஒரு சிரிஞ்சைச் சீராகத் தள்ளித் திரவத்தைக் குழாய் வழியே அனுப்பும்.

விலை
பம்ப்: சில பத்தாயிரங்களில் தொடங்கும்.
ரோபோ: பல லட்சம். டிப் (திரவத்தை உறிஞ்சும், மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் முனை) வாங்கும் செலவு ஓயாது.

திரவம்
இங்குதான் பலர் சறுக்குகிறார்கள். பெரும்பாலான ரோபோக்களில் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே காற்று இருக்கும். அசிட்டோனோ டைகுளோரோமீத்தேனோ டிப்புக்குள் ஆவியானால் அழுத்தம் கூடி, தட்டுக்குப் போகும் வழியிலேயே சொட்டிவிடும். முதலில் சிலமுறை உறிஞ்சி வெளியேற்றினால் சொட்டுவது குறையும், அடியோடு நிற்காது. சித்திரை வெயிலில் ஏசியும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்! கிளிசரின் போலக் கெட்டியான திரவம் என்றால் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும்.
பம்பில் கண்ணாடி சிரிஞ்ச், டெஃப்லான் குழாய். குமிழியை வெளியேற்றிவிட்டால் நடுவில் காற்றே இல்லை.

வேலை
ரோபோ: 96 குழித் தட்டில் குழிக்கொரு கலவை.
பம்ப்: ஒரே திரவம், ஒரே வேகம், மணிக்கணக்கில்.

சரிபார்ப்பு
சரியான அளவுதான் வருகிறதா என்று பார்க்க இரண்டுக்கும் தராசுதான். 20 டிகிரியில் 1 மில்லிலிட்டர் நீர் சுமார் 0.997 கிராம் காட்ட வேண்டும்.

நொதி, சாயம் என நீர்க்கரைசல் மாதிரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ரோபோ. அசிட்டோன் போன்ற கரிமக் கரைப்பான், நானோத்துகள் தயாரிப்பு என்றால் பம்ப். ஒன்றுக்குத்தான் பணம் என்றால் என் ஓட்டு பம்புக்கு. மிச்சப் பணத்தில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்.