கிரேட்ஃபுல் டெட்டின் ‘கார்னெல் 5/8/77’: பெரம்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

தொண்ணூறு நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு 1977 மே 8 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரியின் பிற்பகுதியை நான் முதன்முதலில் கேட்டது அப்படியொரு நாடாவில்தான். பெரம்பூரில் எங்கள் தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர், சிறியவர் பெரியவர் என்றில்லாமல் தெருவே ‘அங்கிள்’ என்று அழைத்தவர், வெளிநாட்டிலிருந்த மகன் அனுப்பியதைப் பிரதியெடுத்துக் கொடுத்தார். எத்தனையாவது பிரதியின் பிரதியோ, பாட்டுக்கு இணையாக இரைச்சலும் இருந்தது. ‘நாட் ஃபேட் அவே’ தொடங்கிச் சில நிமிடங்களில் நாடா நின்றுவிடும். எழுந்துபோய்த் திருப்பிப் போட்டால் வாத்தியங்கள் அதற்குள் வேறொரு இடத்தில் இருக்கும். நடுவில் என்ன நிகழ்ந்தது என்பதை 2017-இல் ரைனோ நிறுவனம் இக்கச்சேரியை மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்ட பிறகுதான் அறிந்தேன். தலைப்பில் உள்ள 5/8 என்பது அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து எழுதியது. நம் கணக்கில் ஆகஸ்ட் 5 என்று படித்துவிட வேண்டாம்.

இக்குழுவைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். 1965-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கி, 1995-இல் முதன்மை கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியா மறையும்வரை, இவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தினார்கள். ஒரு பாட்டை ஒருமுறை வாசித்ததுபோல மறுமுறை வாசிப்பதில்லை என்பதே இவர்களுடைய வழக்கம். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. சாகித்யம் ஒன்றுதான், நிரவலும் கல்பனாஸ்வரமும் அன்றன்றைக்கு உரியவை. ரசிகர்கள் அரங்கில் ஒலிப்பதிவு செய்துகொள்வதைக் குழு தடுக்கவில்லை. 1984-இல் அவர்களுக்கெனத் தனி இடமே ஒதுக்கியது. அந்த நாடாக்களைக் காசுக்கு விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது ரசிகர்களிடையே எழுதாச் சட்டமாக இருந்தது. அங்கிளும் என்னிடம் காசு வாங்கவில்லை. வெற்று நாடாவை மட்டும் பர்மா பஜாரில் வாங்கிவரச் சொன்னார்.

ஆயினும் கார்னெல் கச்சேரியின் புகழுக்குக் காரணம் ரசிகர் எடுத்த நாடா அன்று. குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் என்ற பெண்மணி மேடையின் ஒலிவாங்கிகளிலிருந்து நேரடியாக ஒலியைப் பெற்று, தம் காதுக்குத் தக்கபடி கலந்து, ரீல் நாடாவில் பதிந்து வைத்தார். பின்னாளில் அவர் நாடாக்களை வைத்திருந்த வாடகைக் கிடங்குக்குப் பணம் கட்ட முடியாமற்போனபோது, 1986-இல் அவை ஏலத்தில் போயின. யார் யாரோ வாங்கினார்கள்; பிரதிகள் உலகெங்கும் பரவின; மூல நாடாக்கள் குழுவின் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆயின. இதற்குள், அதிகாரபூர்வமாக வெளிவராத நிலையிலேயே, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் 2011-ஆம் ஆண்டுக்கான தேர்வில் இக்கச்சேரியைச் சேர்த்துக்கொண்டது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பகுதியின் கானா நினைவுக்கு வருகிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இறந்தவர் வீட்டு வாசலில் விடியவிடியப் பாடிய கானாக்களில் எவ்வளவு மனோதர்மம் இருந்தது என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். இறந்தவரின் பெயரையும் தொழிலையும் குணத்தையும் அந்த இடத்திலேயே மெட்டுக்குள் கொண்டுவருவார்கள். அந்த இரவுகளுக்கு ஒரு பெட்டி கேன்டர் ஜாக்சன் இருந்திருந்தால் என்ற ஏக்கத்தை நான் மறைக்கப் போவதில்லை.

இப்போது ஒலியின் தரத்துக்கு வருகிறேன். பழைய நாடாவை ஓட்டும்போது வேகம் நுண்ணளவில் கூடியும் குறைந்தும் சுருதி நடுங்கும். இவ்வெளியீட்டில் பிளாஞ்சன்ட் என்ற முறையால் அந்த நடுக்கத்தை நீக்கியிருக்கிறார்கள். பதிவின்போது கருவி தானே நாடாவில் விட்டுச்சென்ற, மனிதக் காதுக்கு எட்டாத மிகை அதிர்வெண் ஒலியை அளவுகோலாகக் கொண்டு, நாடா எந்தக் கணத்தில் வேகம் பிசகியது என்று கண்டு திருத்துவது அம்முறை. பலனை முதலில் உணர்த்துவது கீத் காட்ஷோவின் பியானோதான். நீண்ட கார்வைகள் இப்போது அசையாமல் நிற்கின்றன. ஃபில் லெஷின் பாஸ் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கிறது. என் பழைய நாடாவில் அது வெறும் உறுமலாக இருந்தது. குறை என்று சொன்னால், ஒலி மேடையிலிருந்து நேரே வந்ததால் பார்ட்டன் ஹாலின் எதிரொலியும் கூட்டத்தின் ஆரவாரமும் தொலைவில் தங்கிவிடுகின்றன. பார்ட்டன் ஹால் மாணவர் படைப்பயிற்சிக்காகக் கட்டிய பெருங்கூடம். அங்கு நின்று கேட்டவர்களுக்குக் கிடைத்த அதிர்வில் ஒரு பங்கு நமக்குக் கிடைப்பதில்லை. பியானோவும் சில இடங்களில் கிட்டார்களுக்குப் பின்னே ஒதுங்கிவிடுகிறது.

கச்சேரியின் முதற்பகுதி நன்றாக இருக்கிறது என்பதற்கு மேல் அதிகம் சொல்ல எனக்கு இல்லை. பாடல்கள் சிறியவை, கட்டுக்கோப்பானவை. அவ்வாண்டு தொடக்கத்தில் குழு ஒரு ஸ்டுடியோ ஆல்பத்துக்காகக் கண்டிப்பான தயாரிப்பாளரிடம் பயின்றதன் பலன், இரண்டு டிரம்ஸ் கலைஞர்களும் ஒரே கையாக வாசிப்பதில் தெரிகிறது. அப்பகுதியின் முடிவில் வரும் ‘டான்சிங் இன் த ஸ்ட்ரீட்’ மட்டும் விதிவிலக்கு. மோடவுன் என்ற அமெரிக்க இசைநிறுவனத்தின் பழைய பாட்டை டிஸ்கோ நடையில் ஏறத்தாழக் கால்மணி நேரம் விரித்திருக்கிறார்கள். அதை ரசிக்காத ரசிகர்கள் பலர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. நடனத் தாளத்தின் மேல் கார்சியா நிதானமாக வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த வெளியீட்டை வாங்குவதற்கான காரணம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. ‘ஸ்கார்லெட் பிகோனியாஸ்’ பாட்டிலிருந்து ‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ பாட்டுக்கு நிறுத்தாமல் கடந்துபோகும் அந்த இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேற்பட்ட வாசிப்பை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். இவ்விரண்டையும் இணைத்து வாசிக்கத் தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதற்பாட்டின் சொற்கள் முடிந்ததும் குழுவின் பாடகி டானா ஜீன் சொல்லில்லாமல் குரலை மட்டும் நீட்ட, கிட்டார்கள் அதைச் சுற்றிப் படர்கின்றன. அடுத்து என்ன என்பதை யாரும் அறிவிப்பதில்லை. லெஷின் பாஸில் அடுத்த பாட்டின் வடிவம் ஓரிரு சுரங்களாகத் தலைகாட்டுகிறது, மறைகிறது, பிறகு மீண்டும் வருகிறது. மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. ஆனால் யாரும் பாய்வதில்லை. டிரம்ஸ் கொஞ்சம் இளகுகிறது, பாப் வியரின் கிட்டார் இடைவெளிகளைத் திறந்துவிடுகிறது, எந்த இடத்தில் பழைய பாட்டு முடிந்தது என்று விரல் வைக்க முடியாதபடி புதிய பாட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறோம். பக்கவாத்தியக்காரர் அடுத்த சுரத்தை ஊகித்துக் கூட வரும்போது பாடகர் முகத்தில் ஒரு மலர்ச்சி தோன்றுமே, அதை இங்கே காதால் கேட்கலாம்.

‘ஃபயர் ஆன் த மவுண்டன்’ இரண்டே கார்டுகளின் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்) மேல் நிற்கும் பாட்டு. அதற்கு நம் பக்கம் ஓர் உறவு உண்டு. குழுவின் இரு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பயின்றவர். அவர் ஜாகிர் உசேனோடு சேர்ந்து 1976-இல் வெளியிட்ட தாளவாத்திய ஆல்பத்தில் இம்மெட்டின் முன்வடிவம் இருக்கிறது. பின்னர் 1991-இல் ஹார்ட் உருவாக்கி கிராமி விருது பெற்ற ‘பிளானட் டிரம்’ ஆல்பத்தில் நம் கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். எனவே கார்னெலில் இந்தத் தாளம் மெல்ல அடர்ந்துகொண்டே போவதைக் கேட்கையில் எனக்குத் தனி ஆவர்த்தனம் நினைவுக்கு வருவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். கார்சியா மூன்று முறை உச்சத்தை நெருங்கி இரண்டு முறை இறங்கிவிடுவதாக என் காதுக்குப் படுகிறது. அந்தப் பொறுமைதான் மூன்றாம் முறையை அவ்வளவு பெரிதாக்குகிறது.

அடுத்து வரும் ‘எஸ்டிமேட்டட் பிராஃபெட்’ ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. மிஸ்ர சாபு பழகிய கை உடனே தொடையைத் தட்டத் தொடங்கும். ஆனால் தகிட தகதிமி என்று ஓட விடாமல், ரெகே நடையில் சாய்ந்து சாய்ந்து போகிறது. கிட்டாரின் ஓசை வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிப்பதற்கு ஒரு வடிகட்டிக் கருவி காரணம். வியர் இதைப் பாடும்போது குரலைச் சற்று மிகையாக உயர்த்துகிறார். எனக்கு அது உறுத்தவே செய்கிறது.

என் பழைய நாடா அறுபட்ட இடத்துக்கு வருகிறேன். ‘செயின்ட் ஸ்டீஃபன்’ பாட்டின் நடுவே ‘நாட் ஃபேட் அவே’யைப் புகுத்தி, நெடுநேரம் வாசித்து, மீண்டும் முதற்பாட்டின் எஞ்சிய சொற்களுக்குத் திரும்புகிறார்கள். இடையில் தாளம் கிட்டத்தட்டக் கலைந்து, கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்தி, பிறகு யார் அழைத்தார்கள் என்றே தெரியாமல் எல்லோரும் ஒன்றுசேர்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் நான் இழந்திருந்தது இதைத்தான் என்று தெரிந்தபோது அங்கிளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் அதற்குள் காலமாகிவிட்டார்.

அங்கிருந்து இடைவெளியின்றி ‘மார்னிங் டியூ’ தொடங்குகிறது. அணுகுண்டுப் போருக்குப் பின் எஞ்சிய இருவரின் உரையாடலாக கனடாப் பாடகி பானி டாப்சன் எழுதிய பாட்டு. கார்சியா முதல் வரிகளை ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுகிறார். சொற்களுக்கு இடையே அவர் விடும் மௌனத்தில் மற்ற ஆறு பேரும் கையை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கடைசி கிட்டார் பகுதி மிகச் சன்னமாகத் தொடங்கி, சில நிமிடங்களில் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர விசிறும் வேகத்துக்கு ஏறி, டிரம்ஸ் இடிபோல் எழுந்து, கடைசி வரியில் சட்டென்று இறங்குகிறது. இதைக் கணினியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் பாதிகூடக் கிடைக்காது. சன்னமான பகுதிக்கும் உச்சத்துக்கும் இடையிலுள்ள தூரம் பெரியது. எங்கள் வீட்டில் ரயில் ஓசை அடங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல், நல்ல ஹெட்ஃபோனில்தான் நான் கேட்கிறேன்.

வாங்க விரும்புவோருக்கு இரு செய்திகள். இதே வாரத்தின் மற்ற மூன்று கச்சேரிகளையும் சேர்த்துப் பதினொரு தகடுகள் கொண்ட பெட்டியும் வெளிவந்தது. முதல்முறை கேட்பவருக்கு இந்த மூன்று தகடுகள் போதும். நான் இணையத்தில் வாங்கிய பிரதி மூலை நசுங்கி வந்தது, ஆகவே வந்தவுடன் பிரித்துத் தகடுகளைச் சோதித்துவிடுங்கள். நிறைவுப் பாடலாக வருவது ‘ஒன் மோர் சாட்டர்டே நைட்’, அன்று ஞாயிற்றுக்கிழமை. துள்ளலான பாட்டுத்தான், ஆனால் ‘மார்னிங் டியூ’ முடிந்த கையோடு அதைக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு, அதை மறுநாள் காலையில் கேட்கிறேன்.